நார்வேக்கு ஒரு மனு

நார்வே நாட்டில் ஒரு கடலோரச் சிற்றூரின் மன்றக் கூட்டத்தை அங்கப்பன் மூன்றாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். துடியலூர் சந்தைக்குப் பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை அவருடையது. செம்புக் கம்பி உருளையில் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தார். இருபத்தேழு பேர் பேசிய பாஷையில் ஒரு சொல்கூட அவருக்குப் புரியவில்லை. புரிய வேண்டியதும் இல்லை. யார் உள்ளே வரும்போது யார் எழுந்திருக்கிறார்கள், யார் பேசும்போது யார் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள் என்று கவனித்தால் போதும், எந்த ஊர் மன்றத்தையும் எடை போட்டுவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. ஆனால் இந்த மன்றம் பிடிகொடுக்கவில்லை. கழுத்தில் சங்கிலி அணிந்த மேயரம்மா வந்தபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்தம்மாவே பிளாஸ்கைத் திறந்து தனக்குக் காப்பி ஊற்றிக்கொண்டார். இரண்டாம் வரிசையில் ஒரு பெண்மணி கூட்டம் முடியும்வரை ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் வரிசை ஓரத்தில் மதன்குமார் இருந்தான். மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருக்கும் பாலகோபாலின் மகன். படிக்கப் போனவன் அங்கேயே மீன் பண்ணைகளுக்கு இயந்திரம் செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. அவனுக்கு அங்கப்பனின் ஒரே மகள் லாஸ்யாவைக் கேட்டிருந்தார்கள். ஜாதகம் பார்த்தாயிற்று, பெண்ணும் பையனும் இரண்டு மாதமாகப் பேசிப் பழகியாயிற்று. ஆவணி பத்தாம் தேதி உப்புச்சர்க்கரை மாற்றி உறுதி செய்துகொள்வதாகப் பேச்சு. அதற்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. பையன் இன்ஜினியர் என்பதோடு பாலகோபால் நிறுத்தியிருந்தால் அங்கப்பனுக்குத் தூக்கம் கெட்டிருக்காது. கிளம்பும் நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே, "தம்பி அங்க கவுன்சிலரும்கூடங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத் தைத்தது முள்.

ஏனென்றால் அங்கப்பனும் ஒரு காலத்தில் கவுன்சிலர்தான். மாநகராட்சியோடு சேர்வதற்கு முன்னால், துடியலூர் பேரூராட்சியாக இருந்தபோது, ஐந்து வருஷம் வார்டு மெம்பர். ஓர் ஓட்டு எப்படி வருகிறது, அது வருவதற்கு எத்தனை வீட்டு வாசலில் நிற்க வேண்டும், எத்தனை மாமன் மச்சானைச் சரிக்கட்ட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாஷையே நேற்றுக் கற்றவன், பங்காளி என்று ஒருத்தன்கூட இல்லாத ஊரில், அந்த நாட்டுப் பிரஜையாகக்கூட ஆகாதவன், எப்படி ஜெயித்தான்?

கூட்டத்தைப் பார்த்த அன்று சாப்பாட்டு நேரத்தில் இதைத்தான் கேட்டார். லாஸ்யா மேட்டுப்பாளையம் ரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். நோயாளிகளுக்கு முட்டியை மடக்கக் கற்றுத்தரும் அதே பொறுமையோடு அப்பாவுக்கு நார்வேயைச் சொல்லிக்கொடுத்தாள்.

"அங்க ராஜா இருக்காருங்ப்பா. ஆனா ஆட்சி அவர் பண்றதில்லைங். நூத்தி அறுபத்தொம்போது பேரு பார்லிமென்ட்ல இருக்காங்க. நாலு வருசத்துக்கு ஒருக்கா எலெக்சன். நடுவுல கலைக்கவே முடியாது."

"கலைக்க முடியாதா? அப்ப பிரதமரைப் புடிக்கலைன்னா?"

"மெஜாரிட்டி வேண்டாம்னு ஓட்டுப் போட்டா அவரு எறங்கோணும். இருக்கற மெம்பர்ங்களே பேசி அடுத்த ஆளைக் கொண்டாரோணும். மந்திரி ஆனவங்களுக்குப் பார்லிமென்ட்ல ஓட்டே கெடையாது. அவங்க சீட்டுல பதிலாள் வந்து உக்காந்துக்குவாங்க."

"சரி, அதெல்லாம் டில்லி சமாச்சாரம். இவன் எப்படிக் கவுன்சிலர் ஆனான்?"

"உள்ளூர் எலெக்சனுக்குப் பிரஜையா இருக்கோணும்னு இல்லைங்ப்பா. மூணு வருசம் தொடர்ச்சியாக் குடியிருந்தாப் போதும். கட்சிக்காரங்க பேரைக் கேட்டாங்க, குடுத்தாரு. ஓட்டுப் போடறவங்க அந்த லிஸ்ட்டுல புடிச்ச பேருக்கு நேராக் குறி போட்டாங்க. அவ்வளவுதானுங்."

அங்கப்பன் ரசத்தைக் குடித்துவிட்டு மனைவியைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டயா குழந்தையம்மா? ஆட்சி பண்ணாத ராசா, செலவு பண்ணாத கவுன்சிலரு. ரெண்டும் நம்பற மாதிரியா இருக்குது?"

குழந்தையம்மாள் மோர்ச் சட்டியை நகர்த்தி வைத்தாள். "எனக்கென்னுங்க தெரியும். புள்ளைக்குப் புடிச்சிருக்குது."

பிடித்திருக்கிறது என்பதுதான் அங்கப்பனின் பயம். கூட்டத்தில் மதன்குமார் இரண்டே நிமிஷம் பேசினான். யாரும் கைதட்டவில்லை. ஓட்டெடுப்பின்போது அவன் வரிசையில் எல்லாரும் சும்மா இருக்க, அவன் மட்டும் கையைத் தூக்கினான். என்ன சங்கதி என்று மகளிடம் விசாரித்தார். ஒரு தீவில் பதினோரு பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தை மூடுவதா வேண்டாமா என்பது பிரச்சினையாம். கட்சி மூடலாம் என்றது, இவன் கூடாது என்றான். அப்படியென்றால் கட்சியை விட்டு எடுத்திருப்பார்களே என்றார் அங்கப்பன். இல்லை, கூட்டம் முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து கேக் சாப்பிட்டார்களாம். அங்கப்பனுக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. கூட இருக்கிறவர்களுக்கு எதிராகக் கை தூக்குகிறவன் நாளைக்குக் கட்டினவளுக்கு எதிராகவும் தூக்குவான். தூக்கியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதற்குப் பின்னால் பெரிதாக ஏதோ இருக்கிறது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். அங்கப்பன் கண்ட சூடு ஊரறிந்தது. இந்தப் பக்கம் இருபது வருஷமாக யார் வீட்டுக்குச் சம்பந்தம் வந்தாலும், பையனை விசாரிக்க அங்கப்பனைத்தான் அனுப்புவார்கள். பையன் வீட்டுத் தெருமுனையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் மூன்று தலைமுறையைத் தெரிந்துகொண்டு வந்துவிடுவார். சலூன்காரர், பால்காரர், வாட்ச்மேன், யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஒரு முறை இருந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லி நின்ற கல்யாணங்கள் நாலைந்து; நின்றது நல்லதாயிற்று என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். அப்படிப்பட்டவர் தன் சொந்த மகளுக்கு, மூன்று வருஷத்துக்கு முன்னால், திருப்பூரில் பனியன் கம்பெனி மேனேஜர் ஒருத்தனை விசாரித்துவிட்டு வந்து, தங்கமான பையன் என்றார். பத்திரிகை அடித்து, பந்தக்கால் நட்டு, கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு பெண் கையில் குழந்தையோடு வந்து கேட்டைத் தட்டினாள். திறந்தது லாஸ்யா.

யானைக்கும் அடி சறுக்கும் என்று ஊரார் ஆறுதல் சொன்னார்கள். லாஸ்யாவும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அவன் ஏமாத்துக்காரன். நீங்க என்னுங்ப்பா பண்ணுவீங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை உருவிக்கொண்டு கடைக்குப் போனவர் அன்று முழுக்க ஒரு காயில்கூடக் கட்டவில்லை. சறுக்கிய யானைக்குத்தான் தெரியும், வழியில் வழுக்கல் இருந்தது முன்னமே தெரியுமா தெரியாதா என்று.

இப்போது நார்வேயில் டீக்கடைக்கு எங்கே போவது? தெரிந்தவர்களின் தெரிந்தவர்கள் என்று ஆஸ்லோவில் ஒருவரைப் பிடித்தார். அவர், எங்கள் ஊரிலிருந்து அந்த ஊருக்கு விமானத்தில் போய்ப் படகில் ஏற வேண்டும் என்றார். கடைசியில் அங்கப்பனுக்குக் கௌதமன் ஞாபகம் வந்தது. பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே மனு எழுதிக்கொடுக்கிறவர். ஐம்பது வயது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அவர் எழுதிய மனுக்களால் மூன்று ஆபீசில் அவருக்குக் காப்பி கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

"அந்த ஊர் ஆபீசுக்கு நம்ம ஆர்.டி.ஐ. மாதிரி ஒண்ணு போட முடியுமா?"

கௌதமன் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "தாராளமாப் போடலாமுங்க. எந்த நாட்டுக்காரரும் கேக்கலாமாம். பீஸ் இல்லை. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லைன்னு போட்டிருக்கறாங்க."

பீஸ் இல்லை என்றதும் அங்கப்பன் முகம் சுளித்தார். இருந்தாலும் கேள்விகளைச் சொல்லச் சொல்ல, கௌதமன் ஆங்கிலத்தில் அடித்தார். ஒன்று, பிரஜை அல்லாதவர் எப்படி உறுப்பினர் ஆனார். இரண்டு, கூட்டங்களுக்கு ஒழுங்காக வருகிறாரா. மூன்று, வழக்கு ஏதும் உண்டா. நான்கு, குடிப்பாரா, குடித்தால் யாரோடு. ஐந்து, மனைவியோ மனைவி ஸ்தானத்தில் யாருமோ உண்டா.

"ஆறு, அவரு ஊட்டுத் துணிமணிக்கு இஸ்திரி போடறது யாரு."

கௌதமனின் விரல் நின்றது. "இது எதுக்குங்க?"

"போடுங்க சொல்றேன். மேல ஒரு பத்தியும் எழுதோணும். எதுக்குக் கேக்கறேன்னு தெரிஞ்சாத்தான் எரக்கப்பட்டுப் பதில் சொல்லுவாங்க."

"காரணம் வேண்டியதில்லீங்க அங்கப்பண்ணா. எழுதினா வம்புதான்."

அங்கப்பன் கேட்கவில்லை. இந்த ஊரில் யாரிடமும் சொல்ல முடியாததை, பெயர்கூட உச்சரிக்க வராத ஓர் ஊரின் குமாஸ்தாவிடம் சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. ரயிலில் எதிரே உட்கார்ந்த ஆளிடம் சொல்வதுபோலத்தான். அவர் பாட்டுக்கு அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போய்விடுவார். மெதுவாகச் சொன்னார், கௌதமன் தலையைத் தூக்காமல் அடித்தார். திருப்பூரில் விசாரிக்கப் போன அன்று, தனியாகக் குடியிருந்த அந்தப் பையனைப் பற்றி இஸ்திரிக்காரர் ஒருவர் சொன்னது: "வாராவாரம் அந்த ஊட்டுல இருந்து ரெண்டு சேலையும், கொழந்தை கவுனு ஒண்ணும் வருதுங்க." அக்கா தங்கை யாராவது வந்துபோவார்கள் என்று அங்கப்பன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். திரும்ப ஒரு கேள்வி கேட்கவில்லை. அதற்குள் மச்சான்மாரிடமும் பங்காளிகளிடமும் தங்கமான பையன் என்று சொல்லியாயிற்று. பெரிய இடம். சொன்ன வாயைத் திருப்பி மெல்ல கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மனைவிக்கோ மகளுக்கோ இது இன்றுவரை தெரியாது. மறுபடி அந்தப் பாவத்தைச் செய்ய முடியாது, அதனால் கேட்கிறேன், ஐயா அல்லது அம்மா, தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள். கீழே தன் பெயரும் விலாசமும். மொட்டைக் கடுதாசி எழுதுகிற ஜாதி நானில்லை என்றார்.

நாலே நாளில் பதில் வந்தது. அங்கப்பனுக்கு அதுவே திக்கென்றது. வார்டில் ஒரு சாக்கடை மூடிக்காக அவர் போட்ட மனுவுக்குப் பதில் வரப் பதினான்கு மாதமாயிற்று. நாலு நாளில் பதில் சொல்கிற சர்க்கார் ஒன்று வேலையில்லாத சர்க்காராக இருக்க வேண்டும், இல்லை எதையோ மூடப் பார்க்கிற சர்க்காராக இருக்க வேண்டும். கௌதமன் வாசித்துக் காட்டினார். ஒன்றாம் கேள்விக்குச் சட்டப்பிரிவு. லாஸ்யா சொன்னதேதான், பார்லிமென்ட்டுக்கு மட்டும் பிரஜையாக இருக்க வேண்டும். இரண்டாம் கேள்விக்குப் பட்டியல். பத்தொன்பது கூட்டத்தில் பதினெட்டுக்கு வந்திருக்கிறார், வராத அன்று பதிலாள் உட்கார்ந்தார். மூன்று முதல் ஆறு வரை, அப்படிப்பட்ட தகவல் எதுவும் எங்களிடம் இல்லை, அவரையே கேட்பது நல்லது.

"அப்பறம் கடைசில ஒண்ணு இருக்குதுங்க." கௌதமன் கண்ணாடியைக் கழற்றினார். "அவிங்களுக்கு வர்ற கடுதாசி எல்லாத்தையும் ஒரு ரிஜிஸ்டர்ல ஏத்துவாங்களாம். அது வெப்சைட்ல இருக்குது, யாரு வேணாலும் பாக்கலாம். இதோ, உங்க பேரு." திரையில் ஒரு வரி. தேதி, உறுப்பினர் ஒருவரைப் பற்றிய விசாரிப்பு, அனுப்பியவர் அங்கப்பன், கோயம்புத்தூர்.

"உள்ள எழுதினதும் தெரியுமா?"

"சொந்த விசயமெல்லாம் வெளியாளுங்களுக்குக் குடுக்க மாட்டாங்களாம். ஆனா யாரைப் பத்தி எழுதியிருக்கறமோ அவருக்கு முழுசாப் படிக்க உரிமை இருக்குது. அவருக்குச் சொல்லியாச்சுன்னு எழுதியிருக்கறாங்க."

அங்கப்பன் எழுந்து நின்று, பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்தார். இருபது வருஷமாக எத்தனையோ பேரைப் பற்றிக் காதோடு காது வைத்துக் கேட்டிருக்கிறார். கேட்டதை அந்த ஆளுக்கே அனுப்பிவைக்கிற டீக்கடை ஒன்றை அவர் கண்டதில்லை.

மறுநாள் மூன்று மணிக்குக் கடையில் இருந்தபோது போன் வந்தது. அங்கே மதியச் சாப்பாட்டு வேளை.

"மாமா, மதனுங். சாப்புட்டாச்சுங்களா?"

"ஆச்சுங் தம்பி" என்றார் அங்கப்பன்.

"உங்க லெட்டரைப் படிச்சேனுங். அவங்ககிட்டப் பதில் இல்லாத கேள்விக்கு நானே சொல்லீரலாம்னுதான் கூப்பிட்டேன். மூணாவது, வழக்கு இல்லீங். ஒருக்கா வேகமாப் போனதுக்கு அபராதம் கட்டியிருக்கறேன். நாலாவது, வெள்ளிக்கிழமை ரெண்டு பீர் குடிப்பேனுங். எங்க மன்றத்துல ஸ்வெட்டர் பின்னற அம்மா ஒருத்தர் இருக்காங்க, அவங்க ஊட்டுக்காரரோட. அஞ்சாவது, நாலு வருசத்துக்கு முந்தி ஒருத்தரோட ஒரு வருசம் பழக்கம் இருந்துச்சுங். முடிஞ்சுபோச்சு. லாஸ்யாகிட்ட மொத வாரமே சொல்லீட்டேன். ஆறாவது, நானே தொவைச்சு நானே போட்டுக்கறனுங். பாதி நாள் இஸ்திரியே இல்லாமத்தான் போறது."

அவன் குரலில் கோபம் இருக்கிறதா என்று அங்கப்பன் தேடினார். குத்தல் இருக்கிறதா என்று தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெரியவனாக இருந்தும் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுச் சமாளித்திருக்கலாம்.

"எனக்கு ஒரே கேள்விங் மாமா. மேல எழுதியிருந்தீங்களே, திருப்பூர் சமாச்சாரம். அந்த இஸ்திரிக்காரர் சொன்னது. அது லாஸ்யாவுக்குத் தெரியுங்களா?"

கடைக்கு வெளியே மேட்டுப்பாளையம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை அங்கப்பனுக்கு அவகாசம் கிடைத்தது.

"தெரியாதுங் தம்பி."

"சரிங்."

"நீங்க சொல்லப் போறீங்களா?"

"நானாப் போய்ச் சொல்ல மாட்டேனுங். ஆனா நேத்து லாஸ்யாவே எங்க மன்ற வெப்சைட்ல அந்த ரிஜிஸ்டரைப் பாத்துட்டாங்க. எங்கப்பா என்ன எழுதியிருந்தாருன்னு கேட்டாங்க. நாளைக்குச் சொல்றேன்னேன். இன்னைக்கு நம்மூர் நேரம் ஆறு மணிக்குப் பேசுவோமுங் நாங்க. கேட்டா இல்லைன்னு என்னால சொல்ல முடியாதுங் மாமா. பொய்யில ஆரம்பிக்க எனக்கு இஷ்டமில்லை. அதுக்குள்ள நீங்களே சொல்லீட்டீங்கன்னா நல்லதுன்னுதான்."

போனை வைத்தபின் அங்கப்பன் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். சந்தேகப்பட்டார். இவன் என்னைக் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்க்கிறானா? இதைப் பிடித்துக்கொண்டு நாளைக்கு ஏதாவது கேட்பானா? எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்தார். அவன் எதையும் கேட்கவில்லை, மூன்று மணி நேரம் கொடுத்திருந்தான், அவ்வளவுதான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். இவன் கல்யாணத்துக்குப் பொய்யே வேண்டாம் என்கிறான். அப்படியொரு மனிதனை எந்தக் கேள்வி கேட்டு மடக்குவது என்று அவர் முறையில் இல்லை. மகளிடம் என்ன சொல்வது என்று யோசிக்கும்போதெல்லாம் அவள் தன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதுதான் முன்னால் வந்து நின்றது. ஊர் முழுக்க அவரை நம்பாமல் போனாலும் பரவாயில்லை. அவள் ஒருத்தி நம்பியதில்தான் இந்த மூன்று வருஷமும் ஓடியிருந்தது. இன்றோடு அதுவும் போகும். ஐந்து மணிக்கே ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

கேட்டுக்குள் நின்றார். உள்ளே போகவில்லை. "ஏனுங்க, அங்கயே நிக்கறீங்க? காப்பி ஆறுது" என்று குழந்தையம்மாள் இரண்டு தரம் கூப்பிட்டாள். வாரேன் வாரேன் என்றார். ஐந்தே முக்காலுக்கு லாஸ்யாவின் ஸ்கூட்டர் வந்தது. அவர் கேட்டைத் திறக்காமல் குறுக்கே நிற்கவும், வண்டியை அப்படியே நிறுத்தி ஒரு காலை ஊன்றினாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடி இறங்கியிருந்தது.

"அம்மணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"உள்ள வந்து பேசலாமுங்ப்பா. ஆறு மணிக்கு அவரு கூப்பிடுவாரு."

"அதுக்கு முந்தியே சொல்லோணுங் கண்ணு."

சொன்னார். திருப்பூரையும், இஸ்திரிக்காரரையும், இரண்டு சேலையையும், கவுனையும். அக்கா தங்கை என்று நினைத்துக்கொண்டதையும், அப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டதையும். கௌரவத்துக்குப் பயந்ததையும். ஒரு வார்த்தையை விடாமல், கௌதமனிடம் சொன்ன அதே வரிசையில் சொல்லி முடித்தார். முகத்தைப் பார்த்தே மூன்று தலைமுறையைச் சொல்கிறவருக்கு அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை.

லாஸ்யா கேட்டாள். "காதுல கேட்டது மட்டுந்தானுங்களா?"

இதை அவர் நார்வேக்குக்கூட எழுதவில்லை.

"வண்டியில மடிச்சு வச்சிருந்தாரு கண்ணு. பாத்தேன்."

"கவுனு என்ன கலருங்ப்பா?"

"மஞ்சளு. ஓரத்துல பச்சை."

லாஸ்யா தலையை மெல்ல ஆட்டினாள். "அன்னைக்கு இந்தக் கேட்டுக்கிட்ட அந்தக் கொழந்தை அதேதான் போட்டிருந்துச்சு" என்றாள்.

அவள் பைக்குள் போன் அடிக்க ஆரம்பித்தது. அடித்து நின்று, மறுபடியும் அடித்தது. ஸ்கூட்டர் அணையாமல் உறுமிக்கொண்டிருந்தது. அதை அணைக்க அவள் கை போகவில்லை. கேட்டைத் திறப்பதா, வழிவிடுவதா என்று தெரியாமல் அங்கப்பன் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.